கூகுள் ஸ்காலரில் ஒரு செல் பயாலஜி ஆராய்ச்சியாளரின் பக்கம்: அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தது

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மார்த்தாண்டத்திலிருந்து அக்கா மகள் வந்தாள். எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டாள். செல் பயாலஜியில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நனைந்த குடையைத் திண்ணையில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவள், தலையைக்கூடத் துவட்டாமல் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"சித்தி, பெங்களூரில ரெண்டு பேரப் பாத்து வச்சிருக்கேன். இவருக்கு 9,000 சைட்டேஷன் இருக்கு. அந்த மேடத்துக்கு 700தான். இவருக்கே மெயில் போட்டுரட்டா?"

சைட்டேஷன் என்றால் ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை. நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் 19 வருடமாக நூலகராக இருக்கிறேன். இதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடும் ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோர் கையிலும் இருப்பது கூகுள் ஸ்காலர் பக்கம்தான். அன்று இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தை வரிவரியாகப் பார்த்தோம். அதை வைத்தே இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். பிஎச்.டி.க்குக் கைடு தேடும் பிள்ளைகளுக்கு உதவும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேட கூகுள் தரும் தளமான ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது. அனுராக் ஆச்சார்யா, அலெக்ஸ் வெர்ஸ்டாக் என்ற இரண்டு பொறியாளர்கள் உருவாக்கியது. ஆச்சார்யா கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பெயரில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளும் வசதி 2011ல் எல்லோருக்கும் திறந்தது. காசு கிடையாது, பார்ப்பதற்கு லாகின்கூட வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே நான் அதற்கு நன்றி சொல்வேன். நான் நூலக அறிவியல் படித்த காலத்தில் ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்க, யூஜின் கார்ஃபீல்டு 1964ல் தொடங்கிய சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸின் தடித்த தொகுதிகளைப் புரட்ட வேண்டும். கண்ணை உறுத்தும் பொடி எழுத்து. அந்தத் தொகுதிகளை வாங்கும் வசதி எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. இன்றைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தபடியே அதைப் பார்க்கிறாள்.

பக்கத்தைத் திறந்ததும் ஒரு ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மொத்த சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: வாழ்நாள் கணக்கு ஒன்று, கடந்த ஐந்தாறு வருடக் கணக்கு ஒன்று. எச்-இண்டெக்ஸை 2005ல் கொண்டு வந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், ஒரு இயற்பியலாளர். ஒருவர் 5 கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றுக்கு 40, 12, 6, 4, 2 என்று சைட்டேஷன் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 4 சைட்டேஷன் வாங்கிய கட்டுரை 4 இருக்கிறது, ஆனால் 5 வாங்கியது 5 இல்லை. எனவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. பத்தும் அதற்கு மேலும் வாங்கியவை இரண்டு, ஆகவே ஐ10 என்பது 2. கணக்கு அவ்வளவுதான். அந்த 40, நானூறாக ஆனாலும் எச்-இண்டெக்ஸ் அசையாது.

பிள்ளைகள் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். பெட்டிக்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது.

அந்த 9,000 சைட்டேஷன் சாரின் பட்டியலைப் பார்த்தோம். சைட்டேஷன் அதிகம் உள்ள கட்டுரை மேலே வரும்படிதான் பக்கம் தானாக அடுக்கியிருக்கும். முதல் இரண்டு கட்டுரைகளே மொத்தத்தில் பாதிக்கு மேல் பிடித்திருந்தன. இரண்டும் ஒரே தலைப்பு: ஆட்டோபேஜியை அளக்கும் சோதனைகளை எப்படிச் செய்வது, எப்படிப் புரிந்துகொள்வது என்ற வழிகாட்டி நெறிமுறை. 2008ல் முதலில் வந்து 2012, 2016, 2021 என்று அடுத்தடுத்த பதிப்புகளாக வெளியானது. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுரை.

"ஆசிரியர் பட்டியலத் திற, மக்கா" என்றேன். திறந்தாள். பெயர்கள், பெயர்கள், இன்னும் பெயர்கள். 2016 பதிப்பில் மட்டும் 2,000 பேருக்கு மேல். விரலால் தள்ளிக்கொண்டே போனாள், முடியவில்லை. கடைசியில் அந்த சாருடைய பெயரைத் தட்டச்சு செய்து தேடித்தான் கண்டுபிடித்தாள்.

இதில் அந்த சாரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் கட்டுரை தேவையான கட்டுரை. செல் தனக்குள் பழுதாகிப்போன பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்வதுதான் ஆட்டோபேஜி. அது நடக்கிறதா என்று பார்க்க எல்.சி.3 என்ற புரதத்தை வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையில் ஓட்டிப் பார்ப்பார்கள், புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் பட்டையாகத் தெரியும். எல்.சி.3-டூ பட்டை தடிப்பாக வந்தால் ஆட்டோபேஜி கூடிவிட்டது என்று அவசரமாக எழுதிவிடக் கூடாது. உருவாவது கூடியிருக்கலாம், அல்லது உடைபடுவது நின்றுபோய்த் தேங்கியிருக்கலாம். இரண்டுக்கும் பட்டை ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த மாதிரி இடங்களில் தவறிப்போகாமல் இருக்கத்தான் அந்த நெறிமுறை. ஆகவே அந்தச் சோதனை செய்கிறவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஆயிரக்கணக்கான சைட்டேஷனும் 2,000 பேரில் ஒவ்வொருவர் பக்கத்திலும் முழுசாக ஏறுகிறது. ஒருவருடைய பங்கு ஒரு பத்தியா, ஒரு வரியா என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லத் தெரியாது.

இன்னும் கொஞ்சம் கீழே போனால் கான்கிரீட்டின் தாங்குதிறன் பற்றி ஒரு கட்டுரை. செல் பயாலஜிக்காரர் பக்கத்தில் கான்கிரீட்! அதே பெயரும் அதே இனிஷியலும் உள்ள ஒரு சிவில் பொறியாளர் எழுதியது. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும்படி விட்டுவிடலாம், அல்லது தன்னிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி வைக்கலாம். அது பக்கத்துக்குச் சொந்தக்காரர் கையில்தான் இருக்கிறது. தானாக என்று விட்டுவிட்டு ஒழுங்காகப் பார்க்காமல் இருந்தால் இப்படி வந்து ஒட்டிக்கொள்ளும். அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சைட்டேஷனும் மொத்தத்தில் சேர்ந்திருந்தது.

இந்தப் பெயர்ச் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். வெளிநாட்டு ஜர்னல் குடும்பப் பெயர் கேட்கும்போது ஒருமுறை இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவோம், அடுத்த முறை ஊர்ப் பெயரைப் போடுவோம். எங்கள் கல்லூரியில் ஒரு மேடம் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியலில் ஆறு கட்டுரை, அப்புறம் கணவர் இனிஷியலில் ஒன்பது கட்டுரை எழுதியவர். இரண்டு பேராகவே நின்றார். நானும் அவருமாக ஒரு மதியம் உட்கார்ந்து சேர்த்தோம். நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது: முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்னாலேயே ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் எடுத்துவிடுங்கள். 2012ல் தொடங்கிய இலவச ஏற்பாடு, 16 இலக்கம். பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது.

சரி, அந்த 700 சைட்டேஷன் மேடத்துக்கு வருவோம். இங்கே நான் அவளைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று: பட்டியலை வருட வரிசைக்கு மாற்று. வருடம் என்ற தலைப்பில் ஒரு தட்டு தட்டினால் போதும், பக்கத்தின் முகமே மாறிவிடும். என்ன காரணத்தாலோ இந்த வசதியைப் பலர் தொடுவதே இல்லை.

செல் பயாலஜியில் ஆசிரியர் வரிசைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. லேபில் நின்று வேலை செய்த பிள்ளையின் பெயர் முதலில் வரும். லேபை நடத்துகிறவர் பெயர் கடைசியில் வரும். மேடத்தின் பட்டியலில் ஐந்து வருடக் கட்டுரைகளைப் பார்த்தோம். கடைசிப் பெயர் எப்போதும் அவருடையது. முதல் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள். அப்படியென்றால் அவரிடம் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் வேலையைத் தங்கள் பெயரில் முடித்து வெளியே வருகிறார்கள். அந்த முதல் பெயர்களில் இரண்டைத் தனியாகத் தேடினோம். ஒருவர் இப்போது வேறு ஊரில் சொந்த லேப் வைத்திருக்கிறார், அவருடைய புதுக் கட்டுரைகளில் அவர் பெயர் கடைசியில் இருக்கிறது. இதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். முதல் சாரின் பக்கத்தில் திரும்பப் போய் அதே மாதிரி தேடினாள். கூட்டுக் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடைசிப் பெயராக அவர் நிற்கும் கட்டுரை கடந்த மூன்று வருடத்தில் இல்லை.

இங்கே ஒரு குறை. இரண்டு பேர் சம பங்கு என்று கட்டுரையில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். ஸ்காலர் பட்டியலில் அது தெரியாது. நீளமான பட்டியலில் பெயர்கள் மூன்று புள்ளியில் முடிந்துவிடும். கட்டுரையைத் திறந்தே ஆக வேண்டும்.

திறக்கவும் ஸ்காலர்தான் உதவியது. தேடல் முடிவில் வலது பக்கம் பி.டி.எஃப். கிடைத்தால் காட்டும். இல்லாவிட்டால் எல்லாப் பதிப்புகளும் என்ற இணைப்பைத் தட்டினால், பல நேரம் ஆசிரியர் தன் நிறுவனத் தளத்தில் போட்ட பிரதியோ, ஜர்னலில் வருவதற்கு முன்னால் பயோஆர்க்கைவ் தளத்தில் போட்ட முன்பிரதியோ கிடைக்கும். மேடத்தின் கட்டுரை ஒன்று அப்படிக் கிடைத்தது. மூன்றாவது படத்தை அவள் பெரிதாக்கினாள். கறுப்புப் பின்னணியில் பச்சை நூல் நூலாக மைட்டோகாண்ட்ரியா. ஓரத்தில் அளவுகோல் கோடு. பக்கத்தில் வரைபடம், அதில் சராசரியைக் கட்டமாக மட்டும் போடாமல் ஒவ்வொரு செல்லையும் ஒரு புள்ளியாக வைத்திருந்தார்கள். கீழே சிறிய எழுத்தில் எத்தனை செல், எத்தனை தனித்தனி சோதனை என்று இரண்டையும் பிரித்து எழுதியிருந்தார்கள். ஒரே தட்டில் 100 செல்லை எண்ணுவதும், மூன்று வேறு நாளில் மூன்று முறை செய்து எண்ணுவதும் ஒன்றல்ல. இதைப் பிரித்து எழுதுகிறவர்களிடம் போனால் பிள்ளை ஒழுங்காக வேலை கற்றுக்கொள்வாள். நூலகரான நான் இதை எங்கே கற்றேன் என்றால், எங்கள் விலங்கியல் துறை ஆசிரியர்களிடம்தான். அவர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தது.

இடையில் கட்டஞ்சாயாவும் முந்திரிக்கொத்தும் வந்தது. அப்போது அவள் கேட்டாள்: "அப்போ நிறைய சைட்டேஷன் வாங்குனா நல்ல பேப்பர் இல்லியா, சித்தி?"

அவளுக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துச் சொன்னேன். எம்.எஸ்ஸி. லேபில் புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க லவ்ரி முறை செய்திருப்பாய், ஃபோலின் கரைசலை ஊற்றியதும் நீலம் ஏறும், அதைக் கலரிமீட்டரில் வைத்துப் பார்ப்பீர்கள். 1951ல் ஆலிவர் லவ்ரியும் மற்றவர்களும் எழுதிய அந்தக் கட்டுரைதான், 2014ல் நேச்சர் இதழ் எடுத்த கணக்கில் உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது: 3 லட்சத்துக்கும் மேல். ஜெல்லில் புரதத்தைப் பிரிக்கும் லேம்லியின் 1970 கட்டுரை இரண்டாவது. பிராட்ஃபோர்டின் 1976 கட்டுரை மூன்றாவது. மூன்றும் செய்முறைகள். லவ்ரியே தன் கட்டுரை பெரிய கட்டுரை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார். எத்தனை லேப்களில் பயன்பட்டது என்பதை அந்த எண் சரியாகச் சொல்கிறது, அது பெருமைதான். எவ்வளவு புதிய உண்மையைக் கண்டுபிடித்தது என்பது வேறு கேள்வி.

இன்னொரு பக்கமும் சொன்னேன். யோஷினோரி ஓசுமி, இதே ஆட்டோபேஜிக்காக 2016ல் நோபல் பரிசைத் தனியாக வாங்கியவர். ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் செல்லுக்குள் இருக்கும் வேக்குவோல் என்ற பைக்குள் துகள்கள் துள்ளுவதைப் பார்த்தார். ஆட்டோபேஜி நடக்காத ஈஸ்ட் வகைகளைப் பிரித்தெடுத்து 1993ல் கட்டுரை எழுதினார். அதை எஃப்.இ.பி.எஸ். லெட்டர்ஸ் என்ற அடக்கமான இதழில்தான் போட்டார், செல், நேச்சர் என்று பிள்ளைகள் கனவு காணும் இதழ்களில் அல்ல. அந்த மரபணுக்களைத் துரத்தித்தான் பின்னால் ஒரு துறையே எழுந்தது.

ஒரு துறையோடு இன்னொன்றை ஒப்பிடுவதும் தப்பு. கன்னியாகுமரிக் கடற்கரையில் நண்டு வகைகளையும் கடற்பாசிகளையும் இனம் பிரித்து எழுதும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். குளச்சல், முட்டம் என்று விடிகாலையில் மீன் இறங்கும் இடத்துக்கே போய் மாதிரி எடுப்பவர்கள். அந்த வேலையைப் படிக்கிறவர்கள் உலகத்தில் சில நூறு பேர்தான். புற்றுநோய் செல் பற்றி எழுதினால் படிக்க ஆயிரக்கணக்கான லேப் இருக்கிறது. இரண்டு பேருடைய எச்-இண்டெக்ஸையும் ஒரே தராசில் வைத்துப் பதவி உயர்வுக்கு மதிப்பெண் போட்டால் அது அநியாயம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அநியாயம் நடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செல் பயாலஜிக்காரர்களே இதற்கு எதிராகக் குரல் கொடுத்திருக்கிறார்கள். 2012 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உருவானதுதான் டோரா பிரகடனம். ஒரு ஆராய்ச்சியாளரை எடைபோட அவர் எழுதிய இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் முதன்மையான கோரிக்கை. ஒரு இதழில் வரும் கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் கிடைக்கிறது என்ற கணக்குதான் இம்பாக்ட் ஃபேக்டர். இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர், இம்பாக்ட் ஃபேக்டர் 7 என்று மெயிலில் வந்த ஒரு ஜர்னலுக்குப் பணம் கட்டினார். கட்டுரை நான்கே நாளில் ஏற்கப்பட்டது, ஒருவரும் படித்துத் திருத்தம் கேட்கவில்லை. அந்த 7 என்ற எண் அவர்களே போட்டுக்கொண்டது. உண்மையான இம்பாக்ட் ஃபேக்டரை வருடந்தோறும் வெளியிடுவது கிளாரிவேட் என்ற நிறுவனம் மட்டும்தான். பணம் போனதைவிட, அவர் இரண்டு வருடம் உழைத்த தரவு அங்கே புதைந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

கூகுள் ஸ்காலரின் பெரிய பலவீனமும் இங்கேதான் வருகிறது. நல்ல ஜர்னல், மோசமான ஜர்னல், தீசிஸ், கருத்தரங்கக் கட்டுரை, கல்லூரித் தளத்தில் போட்ட பி.டி.எஃப். எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி எண்ணும். பிரான்சில் சிரில் லாபே என்ற ஆய்வாளர் 2010ல் இதைச் சோதித்துக் காட்டினார். ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, கணினி எழுதிய நூறு சொச்சம் பொய்க் கட்டுரைகளை இணையத்தில் போட்டார். அந்த ஆளுக்கு எச்-இண்டெக்ஸ் 94 ஆகிவிட்டது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதைக் கழித்துப் பார்க்கவும் ஸ்காலரில் வழி இல்லை. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் உண்டு, ஆனால் முழு ஸ்கோபஸுக்குக் கல்லூரி சந்தா கட்ட வேண்டும். சந்தா இல்லாதவர்கள் ஸ்கோபஸ் பிரிவியூ என்ற இலவசப் பக்கத்தில் ஆசிரியர் பெயரைத் தேடி, எச்-இண்டெக்ஸை ஸ்காலரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஸ்காலர் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். கொஞ்சம் கூடுதல் என்றால் பரவாயில்லை. இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் காரணம் தேட வேண்டும்.

செல் பயாலஜியில் கட்டாயம் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, படங்களைச் சரிபார்ப்பது. எலிசபெத் பிக்கும் இன்னும் இருவரும் 2016ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் திரும்ப வந்த சிக்கலைக் கண்டார்கள். ஒரு வெஸ்டர்ன் பிளாட் பட்டையே வேறு பெயரில் இன்னொரு இடத்தில் நிற்கும். இப்படி மாட்டிக்கொண்டு ஜர்னல் திரும்பப் பெற்றுவிட்ட கட்டுரைக்கும் சைட்டேஷன் கணக்கு அப்படியேதான் நிற்கும். அதனால் முக்கியமான நாலைந்து கட்டுரைகளைப் பப்மெட் என்ற இலவச மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தேடுதளத்தில் ஒருமுறை தேடிவிடச் சொன்னேன். திரும்பப் பெறப்பட்டிருந்தால் அங்கே மேலேயே எச்சரிக்கை நிற்கும். பப்பியர் தளத்தில் யாராவது கேள்வி எழுப்பியிருக்கிறார்களா என்றும் பார்த்தோம். இரண்டு பேருக்குமே ஒன்றும் இல்லை, நிம்மதி.

எனக்கு மிகவும் பிடித்த வசதியைக் கடைசியாகச் சொல்கிறேன். ஒரு கட்டுரைக்குக் கீழே இருக்கும் சைட்டேஷன் எண்ணைத் தட்டினால் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேட ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் அடித்துவிட்டு வேண்டிய சொல்லைத் தேடலாம். மேடத்தின் ஒரு கட்டுரையை 60 சொச்சம் பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். முரண்படுகிறது, ஒத்துவரவில்லை என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினோம். ஒரு குழு வேறு வகைச் செல்லில் செய்து பார்த்து முடிவு மாறி வந்ததாக எழுதியிருந்தது. அதற்கு மேடத்தின் லேப் இரண்டு வருடம் கழித்து, அந்தச் செல்லிலும் தாங்களே செய்து பார்த்து, எதிர்த்தரப்பு சொன்னது சரிதான் என்று பதில் கட்டுரை எழுதியிருந்தது. அதை வாசித்த பிறகு அவள் வேறு எண் எதையும் என்னிடம் கேட்கவில்லை.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால், கட்டுரை தேடவும் யார் யாரோடு வேலை செய்கிறார்கள் என்று பின்தொடரவும் ஐந்துக்கு ஐந்து. அந்தப் பெட்டியில் உள்ள எண்ணை வைத்து ஆளை எடைபோட ஒன்றுதான் தருவேன்.

திங்கட்கிழமை காலையில் மேடத்துக்கு மெயில் போட்டாள். எனக்கும் காட்டினாள். தங்கள் புகழ்பெற்ற ஆய்வகம் என்றெல்லாம் இல்லை. மூன்றாவது படத்தில் பட்டினி போட்ட செல்களில் மைட்டோகாண்ட்ரியா நீண்டுகொண்டே போகிறதே, மறுபடி ஊட்டம் கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று ஒரு கேள்வி. வியாழக்கிழமை பதில் வந்தது: அதைத்தான் இப்போது ஒரு மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறாள், நேரில் வா, காட்டுகிறேன். குழித்துறையிலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறோம். அக்காவும் கூடப் போகிறாள்.